எத்தனை நிமிஷத்தில் அணைகிறது?

"கம்ப்யூட்டர் சூடாகுது" என்று சொல்லிக்கொண்டு என் கடைக்கு வந்தவர்கள் மிகக் குறைவு. "தானா ஆஃப் ஆவுது" என்பார்கள். "சத்தம் தாங்கல" என்பார்கள். "ரொம்ப ஸ்லோ, வைரஸ் புகுந்திருச்சு" என்பார்கள். கெடாவின் ஜித்ராவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்பவனுக்கு இந்த மூன்றும் பெரும்பாலும் ஒரே நோயின் மூன்று முகங்கள். திருப்புளியைக் கையில் எடுக்கும் முன் நான் கேட்கும் முதல் கேள்வி, "சுவிட்ச் போட்டு எத்தனை நிமிஷத்தில் அணைகிறது?" என்பதுதான். இரண்டாவது கேள்வி, "வீட்டில் அதை எங்கே வைத்திருக்கிறீர்கள்?" இந்த இரண்டுக்கும் ஒழுங்கான பதில் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அலோர்ஸ்டாரில் ஒரு டிவி ரிப்பேர் கடையில்தான் தொழில் கற்றேன். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பையன்களுக்கு அப்போது இருந்த வழிகள் இரண்டு: பினாங்கு ஃபேக்டரிக்கு பஸ் ஏறுவது, இல்லையென்றால் டவுனில் ஒரு கைத்தொழில். என் வயதுப் பெண்கள் பலர் பினாங்கின் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிகளுக்குப் போனார்கள். இன்டெல் 1972இலேயே பினாங்கில் தொழிற்சாலை வைத்துவிட்டது. பின்னாளில் புரோசசர்களைக் கழற்றித் துடைக்கும்போது மேல்தகட்டில் 'மலாய்' என்று ஆங்கில எழுத்தில் பொறித்திருப்பதைப் பார்ப்பேன். நம் ஊரில் பூட்டி, உலகம் சுற்றி, திரும்ப நம் ஊருக்கே வந்து, ஜித்ரா வெக்கையில் அணைந்துபோகிற சில்லு! ஏஎம்டி சில்லுகளிலும் மலேசியாவில் பூட்டியது என்ற வரி இருக்கும்.

நான் கம்ப்யூட்டருக்கு மாறிய 90களின் நடுவில் சூடு ஒரு பெரிய விஷயமே இல்லை. 486 புரோசசர் சிலவற்றுக்குக் காத்தாடிகூடக் கிடையாது, ஹீட்சிங்க் என்ற ஓர் அலுமினியத் துண்டு போதும். பெண்டியம் வந்த பிறகு கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு குட்டிக் காத்தாடியை அதன் தலையில் உட்கார வைத்தார்கள். ஆரம்பப் பெண்டியம் 15 வாட்டை ஒட்டிச் சூடு கக்கும். அந்தக் குட்டிக் காத்தாடியின் பேரிங் எண்ணெய் வற்றினால் காலையில் சுவிட்ச் போட்டதும் கரகரவென்று கத்தும், சூடு ஏறிய பிறகு அடங்கிவிடும். "சத்தம் நின்னு போச்சு, சரியாயிருச்சு" என்று வீட்டுக்காரர் நிம்மதி அடைவார். சில வாரம் கழித்துக் காத்தாடி மொத்தமாக நிற்கும்போது கடைக்கு வருவார்.

சூடு என்றால் என்ன என்று இந்த ஊருக்குக் காட்டியது 1998. எல் நினோ வருஷம். ஏப்ரல் 9ஆம் தேதி பக்கத்து மாநிலமான பெர்லிஸில், சூப்பிங்கில் 40.1 டிகிரி பதிவானது. அந்த மாதம் கடையில் மெஷின் குவிந்தது. கழற்றிப் பார்த்தால் பலவற்றில் கோளாறு என்று சொல்ல எதுவுமே இல்லை. காத்தாடி சுற்றுகிறது, தூசி சுமார்தான், சில்லுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் தடவும் பேஸ்ட் ஈரமாகவே இருக்கிறது. கணக்கு வேறு இடத்தில் இருந்தது. ஹீட்சிங்க் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாக அது சில்லை வைக்க முடியாது. அறையைவிட 30 டிகிரி மேலே ஓடும் புரோசசர், குளிர்சாதன அறையில் 55இல் நிற்கும். ஜித்ராவின் துத்தநாகக் கூரைக்குக் கீழே மத்தியானம் 3 மணிக்கு அதே புரோசசர் 67, 68க்குப் போகும். கேசிங்கை மரப்பெட்டிக்குள் அடைத்து வைத்தால், அது கக்கிய சூட்டையே திரும்ப மூச்சிழுத்து இன்னும் பத்து டிகிரி ஏறும். ஆகவே "எங்கே வைத்திருக்கிறீர்கள்?" என்பது மரியாதைக்குக் கேட்கும் கேள்வி இல்லை, வைத்தியத்தின் பாதி அதில் இருக்கிறது.

மரப்பெட்டி என்றதும் 2000ஆம் ஆண்டு வாக்கு ஞாபகம் வருகிறது. ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுத்துக் கம்ப்யூட்டர் வாங்கலாம் என்று அப்போது அனுமதித்தார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள். அந்த இடைவெளியில் பால்வெட்டுக்காரர் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது கம்ப்யூட்டர். அதோடு கூடவே வந்தது கம்ப்யூட்டர் மேசை என்ற சாமான். நடுவில் கீபோர்டு இழுப்பறை, பக்கத்தில் கதவு போட்ட ஓர் அறை, கேசிங் அதற்குள்ளே. கடைக்காரர் அதை அழகுக்காக விற்றார், வீட்டுக்காரர் பத்திரத்துக்காக வாங்கினார். பிள்ளை படிக்க வாங்கிய சாமான், தூசி படக்கூடாது என்று அதன்மேல் பிளாஸ்டிக் உறை வேறு. சில வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கும்போதே உறை போட்டிருக்கும், முன்பக்கம் மட்டும் விலக்கி விட்டிருப்பார்கள்.

அந்த நாளில் வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் வேலைதான் அதிகம். சங்லூன், துஞ்சாங், நப்போ, பாயா கெமுந்திங் பக்கத் தோட்டங்கள் என்று மோட்டாரில் பையை மாட்டிக்கொண்டு போவேன். ஒரு தோட்ட வீட்டில் மெஷின் வெள்ளிக்கிழமை இரவுகளில் மட்டும் அணைகிறது என்றார்கள். வேறு இரண்டு பேர் ஏற்கெனவே வந்து விண்டோஸை அழித்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கேசிங்கைத் திறந்தேன். தூசி சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டும், இது கறுப்பு. விரலால் தொட்டால் பிசுபிசுப்பு, மூக்கருகே கொண்டுபோனால் சாம்பிராணி வாசம். நிமிர்ந்து பார்த்தேன். கம்ப்யூட்டருக்கு நேர் மேலே சாமி மேடை.

"ஏன் பாட்டி, சாமிக்குக் கீழேயே வெச்சிருக்கீங்க?"

"படிப்பு சாமான் தம்பி. சாமி பார்த்துக்குமேன்னு வெச்சோம்."

வெள்ளிக்கிழமை விளக்கு, சூடம், சாம்பிராணி, ஊதுவத்தி. பூஜை முடிந்த கையோடு பேரன் கேம் விளையாட உட்காருவான். எண்ணெய்ப் புகை படிந்த ஹீட்சிங்கில் அதன்மேல் விழும் தூசி ஒட்டிக்கொள்ளும், ஊதினாலும் போகாது. தின்னர் தொட்ட பிரஷ்ஷால் தகடு தகடாகத் தேய்த்து எடுத்தேன். சாமியை நகர்த்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, கம்ப்யூட்டரைத்தான் எதிர்ச் சுவருக்கு மாற்றினோம். மரப்பெட்டியின் கதவைக் கழற்றி, பின்பலகையில் கை நுழையும் அளவுக்கு வட்டம் அறுத்துக் கொடுத்தேன். பாட்டி அந்த ஓட்டையைப் பார்த்து முகம் சுளித்தார். ஆனால் மெஷின் அதன் பிறகு அணையவில்லை. அப்புறம் அந்தத் தோட்டத்தில் கம்ப்யூட்டர் மேசை வாங்கிய ஒவ்வொரு வீட்டுக்கும் போய் வட்டம் அறுத்தேன், அதற்கென்றே பையில் ஒரு ரம்பம் வைத்திருந்தேன்.

அந்தக் காலத்தில் கொஞ்சம் கவனம் பிசகினாலும் புரோசசர் செத்துவிடும். 2001இல் டாம்ஸ் ஹார்ட்வேர் என்ற ஜெர்மன்காரர் தளம் ஒரு வீடியோ எடுத்தது. ஓடிக்கொண்டிருக்கும் மெஷினிலிருந்து ஹீட்சிங்கைப் பிடுங்கினார்கள். பெண்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு தொடர்ந்து ஓடியது. பெண்டியம் 3 அப்படியே நின்றது. ஏஎம்டி அத்லான் சில நொடிகளில் புகைந்தது. அந்த வகை அத்லானின் மேலே காப்புத் தகடு கிடையாது, சில்லு வெறுமையாக இருக்கும், ஹீட்சிங்கைச் சாய்த்து மாட்டினால் ஓரம் உடையும். விலை குறைவு, வேகம் அதிகம் என்பதால் எங்கள் பக்கம் அதற்கு நல்ல கிராக்கி. ஒரு பையன் யாரோ சொன்னதைக் கேட்டுத் தூசி துடைக்க ஹீட்சிங்கைக் கழற்றி, கொக்கியைச் சரியாக மாட்டாமல் சுவிட்ச் போட்டுவிட்டான். கடைக்கு வந்தபோது சில்லின் நடுவில் பழுப்பு வட்டம் விழுந்திருந்தது. அதற்கு வைத்தியம் இல்லை, புதுசு வாங்க வேண்டியதுதான்.

சூட்டின் உச்சம் 2004. அந்த வருஷம் வந்த பிரெஸ்காட் என்ற பெண்டியம் 4 வகையில் வேகமானவை 100 வாட்டைத் தாண்டின. முதல் பெண்டியத்துக்கும் அதற்கும் பத்து வருஷம்தான் இடைவெளி, சூடு ஆறு ஏழு மடங்கு. அதோடு புது வகை மாட்டலும் வந்தது. ஹீட்சிங்கின் நாலு மூலையிலும் பிளாஸ்டிக் முளை, மதர்போர்டு ஓட்டையில் அழுத்தினால் 'டக்' என்று பிடிக்க வேண்டும். மூன்று பிடித்து ஒன்று பிடிக்காமல் விட்டால் கண்ணுக்குத் தெரியாது. வெளியே ஹீட்சிங்க் கையால் தொட்டால் குளிர்ச்சி, உள்ளே சில்லு கொதிக்கும். இங்கேதான் முதல் கேள்வி உதவும். சுவிட்ச் போட்டு ஒரு நிமிஷத்துக்குள் அணைந்தால் நான் தூசியைத் தேடுவதில்லை, அந்த நாலு முளையைத்தான் தொட்டுப் பார்ப்பேன். பத்து, இருபது நிமிஷம் தாங்கினால் தூசி அல்லது காய்ந்துபோன பேஸ்ட். கேம் போட்டால் மட்டும் என்றால் கிராஃபிக்ஸ் கார்டையும் பவர் சப்ளையையும் பார்க்க வேண்டும். கேசிங்கின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள்: சூடு சட்டென்று இறங்கினால் காற்றோட்டம் பற்றவில்லை, இறங்காவிட்டால் சில்லுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில்தான் கோளாறு. சிலர் தகட்டைக் கழற்றியதும் சரியாகிறது என்று அப்படியே வருஷக்கணக்கில் விட்டுவிடுவார்கள், எதிரே ஒரு ஸ்டாண்டு காத்தாடியை வேறு திருப்பி வைப்பார்கள். சோதனைக்கு நல்லது, குடித்தனத்துக்கு ஆகாது. ஒரே மாதத்தில் வீட்டுத் தூசி மொத்தமும் மதர்போர்டின்மேல் இருக்கும். பல்லி முட்டையும் பார்த்திருக்கிறேன்.

வைரஸ்தான் என்று அடம்பிடிப்பவர்களுக்கு ஒரு வழி வைத்திருந்தேன். பயாஸ் திரைக்குள் போய் சூட்டைக் காட்டும் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு, "உட்காருங்க, கோப்பி வாங்கியாறேன்" என்பேன். அங்கே விண்டோஸ் இன்னும் ஏறவே இல்லை, வைரஸ் எங்கிருந்து வரும்? 58, 63, 69 என்று எண் ஏறுவதை அவரே பார்த்துக்கொண்டிருப்பார். கோப்பி வருவதற்குள் மெஷின் அணைந்துவிடும். அதற்குப் பிறகு வாக்குவாதம் இருக்காது.

அணைவதெல்லாம் சூடும் இல்லை. 2000களின் முதல் பாதியில் தரம் கெட்ட கபாசிட்டர்கள் உலகம் முழுக்க மதர்போர்டுகளில் வந்து மாட்டிக்கொண்டன. மேல்மூடி உப்பி, பழுப்புக் கசிவு வடியும். நேரம் காலம் இல்லாமல் அணைகிறது, காலையில் ஏற மறுக்கிறது, மத்தியானம் ஏறுகிறது என்றால் நான் சூட்டை விட்டுவிட்டு டார்ச்சை எடுப்பேன். டிவி ரிப்பேரில் கற்ற சால்டரிங் அப்போது சோறு போட்டது. பலர் போர்டையே மாற்றச் சொன்ன இடத்தில் நான் சில வெள்ளிக்கு நாலு கபாசிட்டர் மாற்றிக் கொடுத்தேன். ஆனாலும் இதன் அடியிலும் சூடு உண்டு. பத்து டிகிரி கூடினால் கபாசிட்டரின் ஆயுள் பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. கோலாலம்பூர் ஆபீஸில் ஏசியில் ஐந்து வருஷம் உழைத்த அதே போர்டு எங்கள் ஊரில் இரண்டே வருஷத்தில் உப்புவதற்கு வேறு காரணம் தேடத் தேவையில்லை.

சைபர் கஃபே காலம் எனக்கு நல்ல காலம். சிந்தோக்கில் வட மலேசியப் பல்கலைக்கழகம், ஜித்ரா பக்கத்திலேயே பாலிடெக்னிக், ராத்திரி முழுக்க கவுண்டர் ஸ்டிரைக் விளையாட்டு. ஒரு கடையின் முதலாளியான தவுக்கே கூப்பிட்டார். அவருடைய மெஷின்கள் பகலெல்லாம் நன்றாக ஓடுகின்றன, ராத்திரி 1 மணிக்கு மேல் ஒவ்வொன்றாகப் படுக்கின்றன. ராத்திரிதானே குளிர், பகலில் அல்லவா படுக்க வேண்டும் என்பது அவர் வாதம். புது மதர்போர்டு வாங்கும் யோசனையில் இருந்தார். ஒன்றும் தொடாமல், ஒரு ராத்திரி அங்கே வாடிக்கையாளன் மாதிரி உட்கார்ந்தேன். 12 மணிக்கு தவுக்கே கதவை முக்கால்வாசி இறக்கினார். கூடவே கரண்டு பில்லுக்குப் பயந்து ஏசியை அணைத்தார். உள்ளே பையன்கள் நிறைந்து வழிகிறார்கள், அத்தனை பேரும் விளையாடுகிறார்கள். மேசைகளை இரண்டு வரிசையாக முதுகோடு முதுகு போட்டிருந்தார், ஒரு வரிசை கக்கும் சூட்டை அடுத்த வரிசை இழுத்துக்கொண்டது. முதலில் நடுவில் இருந்தவைதான் படுத்தன, சுவரோரம் இருந்தவை கடைசியில். மறுநாள் மேசைகளைத் திருப்பி, முதுகுகளைச் சுவர்ப்பக்கம் போட்டு, மேலே ஒரு எக்ஸாஸ்ட் காத்தாடி வைத்தோம். ஏசி விஷயத்தில் மட்டும் அவர் மசியவில்லை. கம்ப்யூட்டரில் ஒரு ஸ்குரூகூடக் கழற்றாததால் கூலி கொடுக்க அவருக்கு மனசில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பாகத்தை மாற்றினால் காசு, காரணத்தைச் சொன்னால் நன்றி மட்டும். எங்கள் தொழிலில் பலர் தேவையில்லாமல் பாகம் மாற்றுவதற்கு அடிக்காரணம் இதுதான். அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

கெடா நெல் பூமி. அறுவடை முடிந்தால் வைக்கோலுக்குத் தீ வைப்பார்கள். அந்த வாரங்களில் காய வைத்த துணியில் கரி விழும், கம்ப்யூட்டருக்குள்ளும் விழும். அறுவடைத் தூசி மெல்லியது, அரிக்கும், காத்தாடி இறக்கையின் முன்விளிம்பில் கோடு போட்ட மாதிரி படியும். வயலோர வீடுகளுக்கு அறுவடை முடிந்து ஒரு மாதம் கழித்துச் சுத்தம் செய்யச் சொல்வேன், முன்னால் செய்வது வீண். மோட்டார் ஒர்க்‌ஷாப் கம்ப்ரஸரில் கொண்டுபோய் ஊதுகிறவர்களுக்கு இரண்டு விஷயம்: அந்தக் காற்றோடு தண்ணீரும் எண்ணெயும் வரும். காத்தாடியை விரலால் பிடித்துக்கொள்ளாமல் ஊதினால் அது தாங்கும் வேகத்தையும் மீறிச் சுற்றி பேரிங் போகும்.

2006இல் கோர் 2 டுவோ வந்து சூட்டைச் சட்டென்று குறைத்தது, 65 வாட். மேசைக் கம்ப்யூட்டர் தொல்லை ஓய்ந்தது என்று நினைக்கும்போது லேப்டாப் வந்தது. தோட்டங்களை மூடி, லயங்களைக் காலி செய்து, சனங்கள் தாமான் வீடுகளுக்கு வந்த காலமும் அதுதான். கம்ப்யூட்டர் கூடத்திலிருந்து படுக்கையறைக்குப் போனது, மேசையிலிருந்து மெத்தைக்கு இறங்கியது. லேப்டாப் காற்றை இழுப்பது அடிவயிற்றில். மெத்தை அதை அடைத்துவிடும், கூடவே பஞ்சையும் ஊட்டும். காத்தாடிக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் அந்தப் பஞ்சு ஒரே படலமாக நிற்கும். வெளியிலிருந்து ஊதினால் அசையாது, பின்மூடியைக் கழற்றிக் காத்தாடியை எடுத்து இடுக்கியால்தான் உரிக்க வேண்டும். உரித்ததை வாடிக்கையாளர் கண் முன்னால் மேசையில் வைப்பேன். அதைப் பார்த்த பிறகு யாரும் கூலி பேரம் பேசியதில்லை.

2016 ஏப்ரலில் வெக்கைக்குப் பயந்து பெர்லிஸ் பள்ளிகளையும் கெடாவில் பெண்டாங், குபாங் பாசு மாவட்டப் பள்ளிகளையும் மூடினார்கள். ஜித்ரா இருப்பது குபாங் பாசுவில். பிள்ளைகள் வீட்டில், லேப்டாப் மெத்தையில். ஆனால் 1998 மாதிரி மெஷின்கள் படுக்கவில்லை, "ஸ்லோ" என்று வந்தன. இதுதான் நான் பார்த்த பெரிய மாற்றம். முன்பு சூடு ஏறினால் சில்லு செத்தது. பிறகு சாகாமல் அணைந்தது. இப்போது அணையாமல் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு நகர்கிறது. சில்லுக்கு நல்லது, எங்களுக்குக் கஷ்டம். வேதனை வெளியே தெரியாததால் சனங்கள் ரேம் மாற்றுகிறார்கள், எஸ்எஸ்டி மாற்றுகிறார்கள், கடைசியில் லேப்டாப்பையே மாற்றுகிறார்கள். 97 டிகிரியில் தவழ்ந்துகொண்டிருந்த மெஷினைத் துடைத்து, பச்சைப்பயறு அளவு புது பேஸ்ட் வைத்து 70க்கு இறக்கிக் கொடுத்தால், "என்னாண்ணே, புது மெஷின் மாதிரி ஓடுது" என்பார்கள். பேஸ்ட் நிறைய வைத்தால் நிறையக் குளிரும் என்பது தப்பு. சில்லுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவிலுள்ள நுண்ணிய பள்ளங்களை நிரப்பத்தான் அது, தடித்தால் அதுவே சூட்டைத் தடுக்கும்.

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது கடையை இறக்கிவிட்டேன். போன் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. பழைய கம்ப்யூட்டரையெல்லாம் பரணிலிருந்து இறக்கி ஆன்லைன் வகுப்புக்குப் போட்டிருந்தார்கள். வீடியோ காலில் வைத்தியம் செய்தேன். "டிஷ்யூ பேப்பரைக் கிழித்துக் காற்று வெளியே வரும் இடத்தில் பிடிம்மா. ஆடுதா?" ஆடவில்லை என்றால் அடைப்பு, அல்லது காத்தாடி நின்றுவிட்டது. காற்று பலமாக வந்தும் அது குளிர்ச்சியாகவே இருந்து, மெஷின் மட்டும் தவழ்ந்தால் பேஸ்ட் காய்ந்திருக்கிறது, கடை திறந்ததும் பார்க்கலாம். அதுவரை நாலு தண்ணீர்ப் போத்தல் மூடிகளை லேப்டாப்பின் நாலு மூலைக்கும் கீழே வைக்கச் சொன்னேன். அடியில் அந்தச் சின்ன இடைவெளியே பல வீடுகளில் வகுப்பை முடிக்கப் போதுமானதாக இருந்தது. தோட்டத்துப் பாட்டிகள் தொலைபேசியைப் பிடித்துக்கொள்ள, பேரப்பிள்ளைகள் மூடி தேடி ஓடினார்கள்.

இப்போது வரும் மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றில் ரேமும் புரோசசரும் போர்டோடு சால்டர் செய்யப்பட்டவை, மாற்ற முடியாது. சூட்டில் கெட்டால் போர்டு விலை, போர்டு விலை என்றால் புது மெஷின் விலையில் பாதிக்கு மேல். வருஷத்துக்கு ஒரு முறை, வெக்கைக் காலம் தொடங்கும் முன்னால், ஜனவரியிலேயே பின்மூடியைத் திறந்து துடைத்து வாங்கிக்கொள்வது அதைவிட எத்தனையோ மலிவு. உங்கள் ஊரில் எந்தக் கடையிலும் செய்வார்கள். போகும்போது எத்தனை நிமிஷத்தில் தவழ ஆரம்பிக்கிறது, பகலிலா இரவிலா, வீட்டில் எங்கே வைத்து ஓட்டுகிறீர்கள் என்பதை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுங்கள். மறக்காமல் சார்ஜரையும் கொண்டு போங்கள். வாட் குறைந்த மாற்று சார்ஜரைச் செருகினாலும் பல லேப்டாப்புகள் இதே மாதிரி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், சார்ஜரைப் பார்க்காமல் அதைக் கண்டுபிடிக்க எங்களால் முடியாது.